தையில் வைத்த நாள்

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வந்த முதல் தை மாதம் அது. மலாக்கா, காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக் கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். கல்யாணப் பெண் நான்தான். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் கிடையாது. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து தேங்காய் துருவிய பெண்கள் எல்லாம், மழைத் தொல்லை இல்லாத மாதமாகப் பார்த்து நாள் வைத்திருக்கிறாரே என்று என் அப்பாவைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புகழ்ச்சியை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. நானும் இன்னும் மறக்கவில்லை.

இதை எழுதி என்ன ஆகப் போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும், கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். எனக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். என் இளைய மகள் இப்போது கல்யாணத்துக்கு மாதம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

நாள் குறித்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா தையல்காரர். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். கைச்சுத்தம், வேலைச்சுத்தம் எல்லாம் உண்டு, தைரியம் மட்டும் கிடையாது. பண்டா ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தபோது ஊரே கூடிக் கத்தியது. அப்பா அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டார். வெள்ளைக்காரன் போன பிறகு நம்மை யார் பார்த்துக்கொள்வார்கள், நம்மை இங்கே வைத்திருப்பார்களா, கப்பல் ஏற்றிவிடுவார்களா என்று அவருக்கு ஓயாத கவலை. அம்மா சிரிப்பாள். "மொத கப்பல்ல ஒங்களத்தான் ஏத்துவாங்க, இருங்க" என்பாள். வேடிக்கை என்னவென்றால், சுதந்திரத்துக்கு ஊரில் ஏற்றிய புதுக் கொடிகளில் பாதி அப்பா கையால் தைத்தவை. ராத்திரி பகல் பாராமல் தைத்தார், தைக்கத் தைக்கப் பயந்தார்.

சுதந்திரம் வந்த அந்த வருஷம் சித்திரையில்தான் எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை பகாங்கில், குவாந்தான் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். உள்ளங்காலில் முள் எடுப்பதிலிருந்து பிரசவம் வரை பார்ப்பாராம். சில வருஷமாக அங்கேதான் தனியாக இருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் நெகிரி செம்பிலான் பக்கம் இருந்தவர்கள், அந்த வருஷம் மாசிக்குப் பிறகுதான் மகனோடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்து மழைக்காலத்தை அவர்கள் கண்ணால் பார்த்தது இல்லை. மகன் மட்டும்தான் பார்த்திருந்தார்.

நிச்சயத்தன்று நான் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னிடம் வந்தார். பருத்த உடம்பு, பெரிய குரல், வாய் நிறைய வெற்றிலை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான் ஜாதகத்தில் இல்லாத ரேகையைக் கையில் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர், "வெரலு நீளமா இருக்கு, ரொட்டி மாவு நல்லா பெசைவ" என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். எனக்குப் பயம் போய்விட்டது. மாமியார் என்றால் எல்லாரும் பயப்படுவார்கள். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப் போயிற்று. மகனைவிட அவரைத்தான் முதலில் பிடித்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

வெளியே கூடத்தில் அப்பா பஞ்சாங்கத்தை விரித்தார். அது மெட்ராஸிலிருந்து வருவது. அப்பாவின் யோசனை தை மாதம். தை என்றால் மழை ஓய்ந்திருக்கும், அறுப்பு முடிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், கல்யாணத்துக்கு அதைவிட நல்ல மாதம் உண்டா என்று பேசினார். அறுப்பு முடிந்திருக்கும் என்று அவர் சொன்னபோது எங்களுக்கு ஒரு சாண் வயல்கூடக் கிடையாது. இருந்தாலும் கூடத்தில் இருந்த எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

தை வேண்டாம், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் பக்கம் கார்த்திகையில் பிடிக்கிற மழை தையிலும் விடாது, ஆறு ஏறினால் பாதையே இருக்காது, ஆவணி என்றால் காய்ந்த ரோட்டில் ஒரே நாளில் வந்துவிடலாம் என்று சொன்னார். பெரியவர்கள் நாள் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளை பேசும் வழக்கம் இல்லை. அவருடைய அப்பா அதிகம் பேசாதவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் சமாளித்தார்.

"இவனுக்கு அவசரம், தை வரைக்கும் பொறுக்க முடியல. தண்ணி வந்தா என்னாடா, படகு வச்சிக்கிட்டு வரமாட்டோமா?" என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உள்ளே நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் வந்து அப்பாவைத் தனியாகப் பிடித்தார். சமையலறைப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன், எனக்கு எல்லாம் கேட்டது. மறுபடியும் ஆவணி என்றுதான் கேட்டார். தன்மையாகக் கேட்டார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஆவணியிலதான் சுதந்திரம் குடுக்குறாங்க தம்பி. அப்ப நாடு எந்த நெலமையில இருக்கும்னு யாருக்குத் தெரியும்? பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு, வழியில கலாட்டான்னா நான் என்னா பண்ணுவேன்? நாடு எப்புடிப் போவுதுன்னு பாத்துட்டு தையில வச்சிக்குவோம்."

அதற்குமேல் மாப்பிள்ளை பேசவில்லை. பேசினால் மரியாதை இருக்காது. நானாக இருந்தால் கேட்டிருப்பேன், ஆனால் என்னை யார் கேட்டார்கள்? எனக்கும் ஆவணிதான் பிடித்திருந்தது. மழையும் தெரியாது, ஆறும் தெரியாது, சீக்கிரம் வருமே என்ற ஒரே காரணம்தான்.

ஆவணி வந்தது. சுதந்திரமும் வந்தது. ஒரு கல் விழவில்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை. அப்பா தைத்த கொடிகள் கடைத்தெரு முழுக்கப் பறந்தன. சீனர் கடையில் ஆரஞ்சுத் தண்ணீர் சும்மா கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க வெயில். அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை ஜொகூரிலிருந்து சிரித்தபடி வந்து இறங்கினார். அம்மா அந்தக் கல்யாண வீட்டிலிருந்து வந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா குனிந்து வீட்டு மெஷினுக்கு எண்ணெய் விட்டார்.

இப்போது காப்பு பற்றிச் சொல்ல வேண்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். எங்கள் வழக்கத்தில் பந்தக்கால் நட்ட அன்றைக்கே பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காப்புக் கட்டுவார்கள். மஞ்சளில் நனைத்த நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து மணிக்கட்டில் முடிச்சுப் போடுவது. கட்டிய பிறகு பெண் வாசல் படி தாண்டக்கூடாது. மாப்பிள்ளை புறப்பட்ட பயணத்தில் பாதி வழியில் திரும்பக்கூடாது. தாலி ஏறிய பிறகு பெண்ணின் காப்பை மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் காப்பைப் பெண்ணும் அவிழ்ப்பார்கள். அதோடுதான் கல்யாணம் முடியும். தூரத்து மாப்பிள்ளை என்றால் பெண் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு காப்புக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அவர் அம்மாவுக்குத் தங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால், தன் கையால் மகனுக்குக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பெற்றவள் ஆசை, யார் குறுக்கே நிற்பார்கள்? பேசி வைத்துக்கொண்டபடி இங்கே எனக்குக் கட்டிய நாளிலேயே அங்கே அவருக்கும் கட்டினார்கள். கட்டிய கையோடு தாலியையும் கூறைப்புடவையையும் எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பிவிட்டார்கள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து சேர வேண்டியவர்கள். வரவில்லை. என் தாய்மாமா பஸ் நிலையத்திலேயே தவம் கிடந்தார். தந்தியும் வரவில்லை. காலையில் என்னைக் குளிப்பாட்டிப் பூ முடித்து, அம்மா வீட்டுப் புடவையில் உட்கார வைத்தார்கள். கூறைப்புடவை அவர்களோடு வரவேண்டியது. வெயில் ஏறியது. நாதஸ்வரக்காரர் வாசித்தார், நிறுத்தினார், மறுபடி வாசித்தார். மாமா மட்டும் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் மெதுவாகச் சொன்னார். முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது.

வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா? பந்தி நடந்தது. அவ்வளவு பேர் சாப்பிட்டும் சத்தமே இல்லாத பந்தியை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். சாப்பாட்டில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. கை கழுவும் இடத்தில்தான் வாய் திறந்தது. வெள்ளமாக இருக்கும் என்று மாமா சொன்னதற்கு ஒருவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பளிச்சென்று நீலமாக இருந்தது. வெள்ளமா என்று கேட்டுவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போனார். அந்த உதறல் என் நெஞ்சில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையில் காப்பு. வாசல் படி தாண்ட முடியாது. ஜன்னல் வழியாகத் தெரிந்த தெருவில் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே வேறு தொடுப்பு இருக்கிறது என்றார்கள். பெண்ணிடம் ஏதோ குறை என்றார்கள். கிழக்குக் கரையில் வெள்ளம் என்று ரேடியோவில் சொன்ன பிறகும், வெள்ளம் அவனுக்கு மட்டுமா வந்தது என்று கேட்டார்கள். நானும் வானத்தைப் பார்ப்பேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விழக்கூடாதா என்று இருக்கும். இங்கே மழை பெய்தால் அங்கே பெய்வதை ஊர் நம்பும். அந்த மாதம் முழுக்கக் காஜா பெராங்கில் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. எனக்கு அந்த வெயிலைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

அப்பா பந்தலைப் பிரிக்க விடவில்லை. பிரித்தால் இல்லை என்று ஆகிவிடுமாம். வாசலில் கட்டிய வாழை மரங்கள் வாடக்கூடாது என்று காலையும் மாலையும் அவற்றுக்குத் தண்ணீர் தெளித்தார். வெட்டிக் கட்டிய மரத்துக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? அப்பா ஊற்றினார். மரம் மஞ்சளாகிக் கறுத்து வாசலில் நாற்றம் எடுத்தது, அப்போதும் ஊற்றினார். காப்பைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்துவிடலாம், தோஷம் இல்லை என்று கோயிலில் சொல்லியனுப்பினார்கள். அதற்கும் அப்பா சம்மதிக்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஆவணி, ஆவணி என்று மனத்துக்குள் ஆயிரம் தரம் அவரைத் திட்டினேன். அவரும் தன்னை அதையேதான் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால் வாய் திறக்கவில்லை.

அந்த நாட்களில் என்னோடு வந்து உட்கார்ந்த ஒரே வெளி மனுஷி பக்கத்துச் சிட்டி வீட்டு அம்மாதான். சிட்டிகள் மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ் வம்சம், சாமி நம்முடையது, பேச்சு மலாய். நாங்கள் அவரைப் பீபி என்று கூப்பிடுவோம். தினமும் மத்தியானம் கெபாயாச் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார், எனக்குத் தலை வாரிவிடுவார், ஏதாவது பலகாரம் வைத்துவிட்டுப் போவார். எப்போது வருவார்கள் என்று கேட்க மாட்டார். வந்துவிடுவார்கள் என்றும் சொல்ல மாட்டார். போகும்போது "சபார்" என்பார், பொறுத்துக்கொள் என்று அர்த்தம். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே யாரோ என் காதுபட, இனிமேல் இவளை யார் கட்டுவான் என்று பேசியபோது, பீபி எழுந்து போய் ஜன்னலை நிறுத்தி நிதானமாகச் சாத்திவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து வார ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வந்ததே இல்லை.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் மாமா தேடிக்கொண்டு போனார். தம்பின், கோலப்பிலா என்று பஸ் மாறி மாறிப் பகாங் ஆறு வரை போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் ஒருவர்தான் வந்தார். பந்தலுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்றார். சாவுச் செய்தியோடு பந்தலுக்குள் நுழையக்கூடாது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ஆற்றங்கரைக்கு வந்தபோது தண்ணீர் கரை தாண்டிவிட்டது, வண்டிகளை அக்கரை சேர்க்கும் பெரி ஓடவில்லை, தந்திக் கம்பியும் அறுந்து கிடந்தது. கரையில் ஒரு கடையின் மாடியில் நாள்கணக்கில் ஒதுங்கியிருக்கிறார்கள். திரும்பிப் போய்விடலாம், பெண் வீட்டாருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அவர் அப்பாவும் அதையே சொல்லியிருக்கிறார். அம்மாதான் மறுத்துவிட்டார். காப்புக் கட்டின பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப் போகமாட்டேன், அங்கே ஒரு பெண் கையில் காப்போடு உட்கார்ந்திருக்கிறது என்றாராம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் ஒரு சம்பான் படகை அமர்த்தினார்கள். தாலியை மடியில் முடிந்துகொண்டு அந்த அம்மாதான் முதல் ஆளாக ஏறினாராம். நடு ஆற்றில் ஒரு மரம் மிதந்து வந்து மோதியது. மற்றவர்கள் எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். அவரை மறுநாள்தான், வெகுதூரம் கீழே, எடுத்தார்கள். மடி அவிழ்ந்திருந்தது.

நான் பூ வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் விரலைப் பார்த்துச் சிரித்த மனுஷி. எனக்காக ஏறினார். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னாரே, அந்தப் பெண் நான். இந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று அப்பா தன் கையாலேயே பந்தலைப் பிரித்தார். யாரையும் கிட்டே விடவில்லை. பந்தக்காலை மட்டும் பிடுங்காமல் விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை ஒருநாள் மத்தியானம் வந்தார். மொட்டைத் தலையில் முடி லேசாகத் தலைகாட்டியிருந்தது. தனியாக வந்தார். அவர் கையிலும் காப்பு இருந்தது. தாய்க்குக் காரியம் செய்யும்போது அதை அறுத்துவிடச் சொன்னார்களாம், தன் அம்மா கட்டியது, அவிழ்க்க வேண்டியவர் வேறு ஒருவர் என்று சொல்லி மறுத்துவிட்டாராம். அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சட்டென்று குனிந்து அந்தப் பிள்ளையின் காலைத் தொடப் போனார். மாப்பிள்ளை பதறிப் பிடித்துக்கொண்டார். ஆவணி என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால்கூட அப்பாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அம்மா தயங்கித் தயங்கி, வருஷம் கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அதுவரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது இல்லை.

"ஒங்க மேல ஒரு கொறையும் இல்லங்க. ஆனா ஒங்க மொகத்தப் பாத்தா எனக்கு அந்த ஆறுதான் தெரியும். காலம் பூரா அப்படிப் பாத்துக்கிட்டு இருந்தா அது ஒங்களுக்குச் செய்யிற பாவம்."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்கிற மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது? எனக்கும் அவர் முகத்தில் அவர் அம்மாதான் தெரிந்தார், அதே நெற்றி, அதே காது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு அவர் கேட்டார், காப்பை அவிழ்த்துக்கொள்ளலாமா என்று. கூடத்தில் பாய் போட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்தோம். என் காப்பு நாள்பட நாள்பட இளகிப் போயிருந்தது, அவர் சுலபமாக அவிழ்த்துவிட்டார். அவருடையது அவிழவில்லை. ஆற்றுத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. மஞ்சள் துண்டு போய்விட்டது, நிறமும் போய்விட்டது, வெறும் நூல். என் நகம் எடுபடவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வரவா என்று தையல்காரரான அப்பா கேட்டார். வேண்டாம் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அவர் அம்மா போட்ட முடிச்சு அது. கண்ணில் தண்ணீர் மறைக்க மறைக்க, பல்லால் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் அவிழ்த்தேன். அவர் கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கல்யாணத்தின் கடைசிச் சடங்கை நாங்கள் செய்து முடித்தோம், கல்யாணம் மட்டும் நடக்கவில்லை.

அவிழ்த்த காப்பைத் தண்ணீரில் விடுவதுதான் வழக்கம். யாருக்கும் தண்ணீரில் விட மனம் வரவில்லை. அப்பா இரண்டு கயிற்றையும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பந்தக்காலைப் பிடுங்கினார், அந்தக் குழியில் இரண்டையும் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். மாப்பிள்ளை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. வரன் வந்தபோது அப்பா ஜாதகம் கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீடு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். புக்கிட் பாரு என்றதும், மறுநாள் காலை எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீடு வரை நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் ஒரு சாக்கடைதான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாராம். கல்யாண நாளை நீங்களே குறியுங்கள் என்று சம்பந்தியிடம் விட்டுவிட்டார். அவர்கள் குறித்தது ஆவணி. பந்தலில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு மூலையில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து தாலி கட்டிய பிறகும்.

இப்போது என் மகளுக்குக் கிழக்குக் கரையில், கடலோர ஹோட்டலில், அலைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. வருஷக் கடைசியில் எல்லாருக்கும் லீவு, அந்த மாதம்தான் வசதி என்றாள். படத்தில் கடல் நீலமாகத்தான் இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் பேச்சுக்கு இடம் கொடுக்காத வீட்டில் வளர்ந்தவள் நான், என் பெண்ணை வாயடைக்க மாட்டேன். இந்தக் கதையை அவளிடம் முழுக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, உனக்கு எந்த மாதம் வசதி என்று பார்த்துவிட்டாய், அங்கே வருகிறவர்கள் ஒவ்வொருவரும் எந்த வழியாக வர வேண்டும் என்று கேட்டாயா, அந்த வழியில் இருப்பவன் வேண்டாம் என்றால் அவன் பேச்சைக் கேட்பாயா என்று மட்டும் கேட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் ஹோட்டலுக்குப் போன் போட்டு ஆவணிக்கு மாற்றிவிட்டாள்.

அவளுக்கு நல்லபடியாக நடக்கும். ஆனால் என் மனம் ஆறிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் ஆகியும், தை மாதத்தில் எங்கள் காஜா பெராங் வானம் துளி மேகம் இல்லாமல் பளிச்சென்று இருந்தால், நல்ல நாள் என்று எனக்குத் தோன்றுவதில்லை, இந்நேரம் யார் வழியில் மழை கொட்டுகிறதோ என்றுதான் தோன்றுகிறது.